கால் கிலோ துவரம்பருப்பும் ஒரு பாட்டும்

மதுரை புதூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் சாமி பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் 'அண்ணாச்சி கடை' என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மூன்றரை மணி இருக்கும், கால் கிலோ துவரம்பருப்பும் நூறு கடுகும் வாங்கப் போனேன். வானம் மூடிக்கொண்டு நின்றது. கடையில் வேறு ஆள் இல்லை. அண்ணாச்சி பருப்பு டின்னுக்குள் கரண்டியை விட்டு அள்ளிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பலகையில், ஊதுபத்திப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் ஒரு பாட்டு தொடங்கியது. இன்னும் வரி வரவில்லை, முன்னிசைதான். எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

'இது ஒரு பொன்மாலைப் பொழுது.' 1980 தீபாவளிக்கு வந்த 'நிழல்கள்' படப் பாட்டு. இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. வைரமுத்து சினிமாவுக்கு எழுதிய முதல் பாட்டு இதுதான் என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அதை முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது. கேட்டது ஒரு பலசரக்குக் கடை வாசலில்.

தூத்துக்குடியில் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது சீட்டு எழுதித் தர மாட்டாள். "கால் கிலோ துவரம்பருப்பு, நூறு சீரகம், அம்பது மிளகு, ஒரு தீப்பெட்டி" என்று இரண்டு தரம் சொல்லுவாள். நான் அதை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தெருவைக் கடப்பேன். அந்தக் கடையில் மரப்பெட்டி ரேடியோ ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அதில் இந்தப் பாட்டு. பாட்டு முடிகிறவரை நின்று கேட்டேன். அப்புறம் கடைக்காரர் "என்ன பாப்பா வேணும்?" என்றபோது பருப்பு ஞாபகம் இருந்தது, மிளகு ஞாபகம் இருந்தது, சீரகம் போயே போய்விட்டது. சீரகம் இல்லாமல் வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதூர் கடையில் நான் நின்ற நின்றபடியே இருந்தேன். பருப்பு டின்னின் வாசனை, சாக்கு வாசனை, ஈரக் காற்று, மேலே அந்தக் குரல். என் செல்போனில் அந்தப் பாட்டு எத்தனையோ நாளாக இருக்கிறது. சமைக்கும்போது போட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தத் தூத்துக்குடி கடை வாசல் வந்ததில்லை. நான் தேடிப் போட்ட பாட்டு அது. கடையில் அது தானாக வந்தது, அதுவும் பருப்பு வாசனையோடு வந்தது. வித்தியாசம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அண்ணாச்சியும் கரண்டியைப் பாதியில் நிறுத்தியிருந்தார். சரணம் முடிந்த பிறகுதான் கேட்டார்.

"டீச்சர், உங்களுக்குத் தூத்துக்குடின்னு சொன்னீங்கல்லா? இதெல்லாம் அங்க இலங்கையில கேட்டதுதான, என்ன?"

அந்தக் கடையில் நான் பன்னிரண்டு வருஷமாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சொந்த ஊர் உடன்குடி பக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். என் ஊரிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் வந்துவிடும். பதின்மூன்று வயதில், 1970இல், மாமா கடையில் எடுபிடியாக மதுரைக்கு வந்தவர். எட்டு மணிக்கு மேல் கடையைக் கூட்டிவிட்டு, சாக்கு மேல் படுத்துக்கொண்டு இலங்கை வானொலி கேட்பாராம்.

எங்கள் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'இலங்கையில கேட்டது' என்றால் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றுபோனது. பாட்டு கேட்கிற ஜனம் அத்தனையும் அக்கரைப் பக்கம் திரும்பியது. விட்ட நேயர்களைப் பிடிக்கத்தான் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கினார்கள். ஆனால் எங்கள் பக்கம் முள் இலங்கையிலேயே நின்றுவிட்டது. நடுவில் மலையில்லை, கட்டடம் இல்லை, கடல்தான். உள்ளூர்க்காரர் பேசுவது மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறந்தநாள் வாழ்த்து, 'இசையும் கதையும்', பி.எச். அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு, கே.எஸ். ராஜாவின் மூச்சு விடாத அறிவிப்பு. அவர்கள் பேசிய தமிழைக் கேட்டுத்தான் 'நேயர்', 'ஒலிபரப்பு' போன்ற சொற்கள் எனக்குப் பழகின. இன்று வகுப்பில் நான் ழகரம் பிசகாமல் சொல்கிறேன் என்றால் அதில் அந்த ரேடியோவுக்கும் பங்கு உண்டு.

அன்று பேசிக்கொண்டே பருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடுகை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடையில் கொஞ்சம் நின்று வாங்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் வண்டியை அணைக்காமலே "அண்ணாச்சி, ஒரு பால்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிற ஆள் நான். நிற்க ஆரம்பித்த பிறகு தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உதவலாம்.

முதலில் நேரம். காலை ஆறிலிருந்து எட்டரை வரை பால், மாவு, தேங்காய்ச் சில்லு என்று கூட்டம் அலைமோதும். சாயங்காலம் ஆறுக்கு மேல் மறுபடியும். இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில் போய்ப் பாருங்கள். கடைக்காரர் டின்களை நிரப்பிக்கொண்டிருப்பார். கீழமாசி வீதியிலிருந்து வந்த மூட்டை அப்போதுதான் பிரிந்திருக்கும். எது புதுச் சரக்கு, எது போன வாரத்தது என்று கேட்டால் சொல்ல அவருக்கு நேரம் இருக்கும். அண்ணாச்சி என்னிடம் இரண்டு தடவை "இந்த உளுந்து வேண்டாம் டீச்சர், திங்கக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். காலை எட்டு மணிக்கு அதைச் சொல்ல அவருக்கு வாய் இருக்காது.

அடுத்தது தராசு. எலக்ட்ரானிக் தராசில் பொருள் வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிற பழக்கம் எல்லாருக்கும் வேண்டும். டப்பாவோடு நிறுத்தால் டப்பா எடையைக் கழிக்க வேண்டும். தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றை அண்ணாச்சி கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நான் தராசைக் கவனிப்பதைப் பார்த்து ஒருநாள் அவரே தராசை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. "பாக்கணும் டீச்சர். பாத்து வாங்குறவங்கதான் திரும்ப வருவாங்க" என்றார்.

பாக்கெட் சாமான் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். ஐந்து ரூபாய் பிஸ்கட் இன்னும் ஐந்து ரூபாய்தான், உள்ளே இருக்கும் கிராம்தான் குறைந்துகொண்டே வருகிறது. சில வருஷங்களாக ஒரு கிராமுக்கு இத்தனை பைசா என்றும் பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும். இரண்டு பாக்கெட்டுகளில் எது லாபம் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

கருப்பட்டி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அண்ணாச்சிக்கு உயிர். உடன்குடியிலிருந்து ஓலைக் கொட்டானில் அவருக்கு வருகிறது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தினசரியில் வந்த செய்தியை வெட்டிக் கல்லாப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். "மழைக்காலத்துல கசியாத கருப்பட்டிய நான் நம்ப மாட்டேன்" என்பது அவர் கணக்கு. பளபளவென்று, கல் மாதிரி, எந்த மாதத்திலும் ஈரமே படாமல் இருந்தால் அதில் சீனி கலந்திருக்கும் என்று சொல்வார். அதனால் கார்த்திகையில் அவர் கடையில் கருப்பட்டி வாங்கினால் தாளோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். நான் இப்போது அதை வாங்கிவந்ததும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துவிடுகிறேன்.

அவர் பொட்டலம் மடிப்பதைப் பார்க்க வேண்டும். தாளை இடது கையில் பிடித்து, வலது உள்ளங்கையால் ஒரே சுற்று. கூம்பு வந்துவிடும். அடிமுனையை ஒரு திருகு திருகி மடக்குவார். மிளகைக் கொட்டி, கூம்பை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் மிளகு அடியில் போய் இறங்கிக்கொள்ளும். மேல்வாயை இடம், வலம், முன்பக்கம் என்று மூன்று மடிப்பு. மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றி ஒரு சுண்டு. அறுந்துவிடும். கத்தரிக்கோல் அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. இத்தனையும் ஒரு பல்லவி முடிவதற்குள் நடந்துவிடும். பாட்டு வேகமாக இருந்தால் கை வேகமாகிறது, மெல்லிசை என்றால் கையும் நிதானமாகிறது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அவர் கவனிக்க ஆரம்பித்துவிடுவார், அப்புறம் அது போய்விடும் என்று பயம்.

முன்பு செய்தித்தாளில்தான் மடிப்பார். அச்சு மையில் இருப்பது உணவில் இறங்கும், தின்பண்டத்தைச் செய்தித்தாளில் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன பிறகு பழுப்புத் தாளுக்கு மாறிவிட்டார். வடை, பஜ்ஜியை இன்னும் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து தின்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் மை இன்னும் சீக்கிரம் இறங்கும். அச்சே இல்லாத வெள்ளைத் தாளோ, வீட்டிலிருந்து ஒரு டப்பாவோ போதும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

அண்ணாச்சி கடையில் இப்போது ஓடுவது கொடைக்கானல் பண்பலை, 100.5. தென்மாவட்டக்காரர்களுக்கு அதுவும் இலங்கை வானொலி மாதிரிதான், பழகிப்போன ஒரு வீட்டு ஆள். பண்பலை அலை நேர்கோட்டில் போகிறது, மேடு வந்தால் மறைந்துவிடும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மலைமேல் நின்று ஒலிபரப்புவதால் அது இத்தனை மாவட்டத்துக்கும் எட்டுகிறது. தேனியில் வயலில் கேட்கும், திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் கேட்கும், புதூரில் பருப்பு டின்னுக்கு மேலேயும் கேட்கிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் ஒரு காரியம் செய்தேன். பையனிடம் சொல்லி அறுநூறு பழைய பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கரும் வாங்கி அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். விளம்பரம் இல்லை, கரகரப்பு இல்லை, எல்லாம் அவருக்குப் பிடித்த காலத்துப் பாட்டு. ரொம்ப சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பத்துப் பதினைந்து நாள் அது ஓடியது. அப்புறம் ஒருநாள் போனால் மறுபடியும் ரேடியோ.

கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கு. ஆனா இது முடிஞ்சா அடுத்தது அதுன்னு மனப்பாடம் ஆயிருச்சு. ரேடியோன்னா எங்கயோ ஒருத்தர் உக்காந்து போடுதாரு. என்ன வரும்னு தெரியாது. பதினஞ்சு மணி நேரம் நிக்கிறவனுக்கு அது ஒரு துணை."

நான் அவருக்குப் பாட்டு தர வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது எதிர்முனையில் ஒரு ஆள். அதை யோசிக்காமல் விட்டுவிட்டேனே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனது கேட்கவில்லை. பத்து வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் கேட்ட பாட்டுதான் ஆழமாகப் பதிகிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். எனவே அந்தக் காலத்துப் பாட்டாகப் பொறுக்கி ஏற்றிக் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதுப் பெரியவர்கள் இருந்து, அவர்களுக்குப் பழைய பாட்டுக் கருவி வாங்கித் தர நினைத்தால், முதலில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்துப் பாருங்கள். மணி சொல்லும், செய்தி சொல்லும், யாரோ ஊரிலிருந்து பேசுவார்கள், நடுவில் பாட்டு வரும். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சுதான் பெரிது.

ரேடியோ வைத்தால் சில சின்ன வேலைகள் உண்டு, இவையும் அண்ணாச்சியிடம் கற்றவைதான். பண்பலைக்கு ஏரியல் கம்பியை முக்கால் மீட்டருக்கு நீட்ட வேண்டும், அதற்குமேல் நீட்டினாலும் பெரிய பயன் இல்லை. மத்திய அலைக்கு அந்தக் கம்பியால் ஒன்றும் ஆகாது. ரேடியோவுக்குள் ஒரு கறுப்புக் கட்டையில் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஏரியல். அதனால் முழு ரேடியோவையும் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒரு திசையில் சட்டென்று தெளியும். இரைச்சல் அதிகமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். பாதி இரைச்சல் போய்விடும். பயன்படுத்தாமல் வைக்கும்போது பேட்டரிக் கட்டையைக் கழற்றி வைக்க மறக்கக் கூடாது. எங்கள் அப்பாவின் டிரான்சிஸ்டர் அப்படித்தான் போனது. கட்டை கசிந்து, உள்ளே ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அப்பா இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் அதைத் திறந்து பார்த்தேன்.

இப்போது கடையில் இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது. செல்போனில் பணம் அனுப்பினால் "ரூபாய் நாற்பத்தைந்து பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி. அது அண்ணாச்சிக்கு அவசியம். கையில் மாவும் எண்ணெயுமாக இருக்கும்போது போனை எடுத்துப் பார்க்க முடியாது. பணம் அனுப்பியதாக வெறும் படத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களிடம் அவர் இழந்திருக்கிறார். ஆனால் ஒருநாள் பி. சுசீலா குரலில் ஒரு பழைய பாட்டு, ஆள் அப்படியே லயித்து நின்றார். நான் அவசரத்தில் ஸ்கேன் செய்துவிட்டேன். பாட்டின் உச்சியில் அந்தப் பெட்டி "ரூபாய் முப்பத்திரண்டு" என்று கத்தியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அன்றிலிருந்து நான் மஞ்சப்பையில் ஒரு சின்னச் சில்லறைப் பர்ஸும் வைத்துக்கொள்கிறேன். ஐம்பது ரூபாய்க்குள் என்றால் காசுதான். அவருக்கும் சில்லறைத் தட்டுப்பாடு தீர்கிறது.

2020 செப்டம்பர் 25ஐ நான் மறக்க மாட்டேன். எஸ்.பி.பி. இறந்த அன்று. கொரோனாக் காலம். கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். எல்லார் முகத்திலும் மாஸ்க். ரேடியோவில் அவர் பாட்டுதான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. சாமானை வாங்கிக்கொண்டவர்களும் போகாமல் ஓரமாக நின்றார்கள். எனக்கு முன் வட்டத்தில் நின்ற பெண், அப்பளக்கட்டைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். மாஸ்க் மேல்பக்கம் நனைந்திருந்தது. அப்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆறடித் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாயும் அடைத்துப்போயிருந்த காலம் அது. இன்றும் அவளைத் தெருவில் பார்க்கிறேன், இருவரும் சிரித்துக்கொள்கிறோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஒருநாள் அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டு, போனை மேசையில் வைத்து மூன்று நிமிஷம் சத்தத்தை மட்டும் பதிவு செய்தேன். வீடியோ இல்லை. வீடியோ என்றால் எல்லாரும் சட்டையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பாட்டு பாதிதான் கேட்கிறது. டின் மூடி விழுகிறது, கரண்டி பருப்பில் இறங்கும் 'சர்ர்' சத்தம், "அண்ணாச்சி, தேங்கா எண்ண சின்னதா ஒண்ணு", ஒரு டவுன் பஸ் ஹாரன், பெட்டியின் "பெறப்பட்டது". மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு அதை அனுப்பினேன். அவனுக்கு நான் எத்தனையோ பழைய பாட்டு அனுப்பியிருக்கிறேன், ஒரு கைகூப்புப் படம் போடுவான், அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு நேரே கூப்பிட்டான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த டின் மூடி சத்தம் கேட்டியாடி? நம்ம தெருக் கடையில அதே சத்தம்" என்றான். அம்மா சீரகத்துக்காக என்னை அடித்த அன்று, மறுபடியும் கடைக்கு ஓடிப்போய்ச் சீரகம் வாங்கிவந்தது தான்தான் என்றும் சொன்னான். எனக்கு அது தெரியவே தெரியாது.

பிடித்த கடை, பிடித்த டீக்கடை, பள்ளிக்கூட மணி எதுவானாலும் இப்படி ஒரு பதிவு செய்து வையுங்கள். பாட்டைச் சுத்தமாகப் பிடிக்க முயல வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். போனின் மைக் துளையைக் கை மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெயரும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். என்னிடம் இப்போது அப்படி ஒன்பது பதிவுகள் இருக்கின்றன. இரண்டில் இருக்கும் குரல்கள் இன்று இல்லை.

போன மாதம் ரேடியோவின் ஏரியல் கம்பி அடியோடு முறிந்துவிட்டது. புது ஏரியல் போட டவுன்ஹால் ரோட்டுக்குப் போக அண்ணாச்சிக்கு நேரமில்லை. மிச்சமிருந்த குட்டை முனையில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி, அலமாரிச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ரேடியோ இரைந்தது. ஏதோ ஒரு பழைய பாட்டு, இரைச்சலுக்குள்ளே வயலின் மட்டும் வந்து வந்து போனது.

"டீச்சர், உங்க கைக்கு எட்டும். அந்தக் கம்பிய லேசாப் பிடிங்களேன்."

பிடித்தேன். குரல் தெளிந்துவிட்டது. ஜானகியம்மா.

விட்டேன், இரைந்தது. மறுபடியும் பிடித்தேன். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் என் பருப்பை நிறுக்கத் தொடங்கினார். பின்னால் இரண்டு பையன்களும் ஒரு பாட்டியும் வந்து குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு கையில் பையும் ஒரு கையில் கம்பியுமாக நின்றேன். "முடியட்டும் தாயி, கைய எடுத்துராத" என்றாள் பாட்டி.